காளான் டப்பாவை என் பெயரைச் சொல்லி விற்காதீர்கள்

பதிவு கொஞ்சம் நீளம். சிலருக்குக் கோபம் வரும். வந்தாலும் கடைசி வரை படித்துவிட்டுக் கோபப்படுங்கள்.

திருச்சியிலும் ஸ்ரீரங்கத்திலும் இப்போது எந்த விசேஷத்துக்குப் போனாலும், பந்தியில் பாயசம் வருவதற்கு முன்னால் கானோடெர்மா பேச்சு வந்துவிடுகிறது. சீனர்கள் லிங்ஷி என்றும் ஜப்பானியர்கள் ரெய்ஷி என்றும் சொல்கிற சிவப்புக் காளான் அது. கேப்ஸ்யூலாக வருகிறது, பொடியாக வருகிறது, காபித்தூளில் கலந்தும் வருகிறது. இங்கே அது பெரும்பாலும் கடை வழியாக வருவதில்லை; சொந்தக்காரர் கையால் வருகிறது. சர்க்கரை, பிரஷர், மூட்டுவலி, தைராய்டு, புற்றுநோய் எல்லாவற்றுக்கும் ஒரே டப்பா.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். உங்கள் காசில் நீங்கள் காளான் சாப்பிடுவது உங்கள் இஷ்டம். ஆனால் அதைக் காட்டி இன்னொருவர் சாப்பிடும் மாத்திரையை நிறுத்தச் சொல்ல உங்களுக்கு உரிமை கிடையாது. அதை உறவின் பெயராலும் குரு பக்தியின் பெயராலும் செய்வது இன்னும் மோசம்.

அவர்கள் சொல்லும் காரணங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

1. "இது பாரம்பரிய மருந்து டீச்சர்."

பாரம்பரியம்தான், மறுக்கவில்லை. சீனப் பாரம்பரியம். சுமார் 2000 ஆண்டுப் பழமையான அவர்களுடைய மூலிகை நூலிலேயே இந்தக் காளான் உண்டு. நம் டெல்டாவில் கானோடெர்மா என்றால் தென்னை விவசாயிக்கு வேறு ஞாபகம் வரும். தஞ்சாவூர் வாடல் நோய் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். 1952-ல் தஞ்சாவூர் பகுதியில் முதலில் கண்டறிந்தார்கள். அடிமரத்தில் செம்பழுப்புச் சாறு வடியும், மட்டை தொங்கும், கடைசியில் தூரில் காளான் முளைக்கும். அது இதே கானோடெர்மா இனம்தான். மரத்துக்கு நோய் தருவது மனிதனுக்கு மருந்தாகாது என்று நான் வாதாடவில்லை. அது தப்பான தர்க்கம். ஆனால் "நம் சித்தர்கள் கொடுத்தது" என்று கதை விடாதீர்கள் என்கிறேன். சித்த மருத்துவம் வேண்டுமென்றால் அரசு மருத்துவமனைகளிலேயே சித்த மருத்துவப் பிரிவு இருக்கிறது. அந்த டாக்டர் நாடி பார்ப்பார், ஏற்கெனவே என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று கேட்பார். டப்பா கொண்டு வருகிறவர் கேட்பதெல்லாம் உங்கள் ஆதார் நம்பரும் பேங்க் பாஸ்புக்கும்தான்.

2. "உலகம் முழுக்க ஆராய்ச்சி நடந்திருக்கிறது."

நடந்திருக்கிறது. என்ன முடிவு வந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டாமா? மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் என்ற அமைப்பு 2015-ல் ஒரு தொகுப்பு வெளியிட்டது. 5 ஆய்வுகள், மொத்தம் 398 பேர், பெரும்பாலும் சர்க்கரை நோயாளிகள். சர்க்கரை அளவிலோ கொலஸ்ட்ராலிலோ குறிப்பிடத்தக்க பலன் தெரியவில்லை. புற்றுநோய் பற்றியும் அவர்கள் தனியாகப் பார்த்தார்கள். வழக்கமான சிகிச்சையோடு சேர்த்துக் கொடுத்தபோது ஓரளவு பலன் தெரிந்தது. சிகிச்சைக்குப் பதிலாக இதைக் கொடுக்க ஆதாரம் இல்லை, ஆயுளை நீட்டும் என்பதற்கும் ஆதாரம் இல்லை என்றார்கள். "சேர்த்து" என்பதும் "பதிலாக" என்பதும் ஒன்றா? நாலாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூட வித்தியாசம் தெரியும்.

கண்ணாடித் தட்டில் புற்று செல்லைக் கொன்றது என்று வீடியோ அனுப்புகிறீர்கள். கண்ணாடித் தட்டில் உப்பை அள்ளிப் போட்டாலும் செல் செத்துப்போகும்.

3. "மாத்திரை கெமிக்கல், இது இயற்கை."

நீங்கள் தூக்கிப் போடச் சொல்கிற மெட்ஃபார்மினின் கதையைக் கேளுங்கள். ஐரோப்பாவில் நீரிழிவுக்கு நாட்டு மருந்தாக இருந்த ஒரு செடியில் கிடைத்த ரசாயனத்தில்தான் அதன் தொடக்கம். 1922-ல் மெட்ஃபார்மினை ஆய்வுக்கூடத்தில் தயாரித்தார்கள். 1957-ல் பிரான்சில் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்த முடிவுகள் வெளிவந்தன. ஆகவே அதற்கும் மூலிகைப் பூர்வீகம் உண்டு. ஆனால் அது பரீட்சை எழுதி, மார்க் வாங்கி வந்த பிள்ளை. உங்கள் காளான் இன்னும் பரீட்சை ஹாலுக்கு வெளியே நின்று "நான்தான் முதல் மார்க்" என்கிறது.

இயற்கை என்றால் ஆபத்தில்லை என்பதும் பொய். அரளி விதையும் இயற்கைதான். கானோடெர்மா பொடி சாப்பிட்டவர்களுக்குக் கல்லீரல் பாதிக்கப்பட்டதாக ஹாங்காங்கிலிருந்தும் தாய்லாந்திலிருந்தும் மருத்துவ இதழ்களில் செய்தி வந்திருக்கிறது. தாய்லாந்தில் உயிரே போயிருக்கிறது. அப்படி நடப்பது அபூர்வம்தான். ஆனால் ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள், ஆபரேஷனுக்கு நாள் குறித்தவர்கள், கிட்னி மாற்றியவர்கள், கீமோ எடுக்கிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் இதைத் தொடக் கூடாது. நம் குடும்பங்களில் ஸ்டென்ட் வைத்த தாத்தா இல்லாத வீடு எத்தனை?

4. "உடம்பு படுத்தினால் பயப்படாதீங்க, கழிவு வெளியேறுது."

எனக்கு மிகவும் கோபம் வருவது இதைக் கேட்கும்போதுதான். பேதியானால் கழிவு, தடிப்பு வந்தால் விஷம் இறங்குகிறது, தலைசுற்றினால் உடம்பு சரியாகிறது, "டோஸைக் கூட்டுங்க". நன்றாக இருந்தாலும் காளானின் வெற்றி, மோசமானாலும் காளானின் வெற்றி. யாருமே ஃபெயில் ஆக முடியாத பரீட்சை ஒரு பரீட்சையா?

எங்கள் உறவில், ஸ்ரீரங்கத்தில் இருக்கும் ஒரு பெரியவருக்கு நடந்ததைச் சொல்கிறேன். சர்க்கரை மாத்திரையை நாலு மாதம் நிறுத்திவிட்டுக் காளான் சாப்பிட்டார். வெறுங்காலோடு கோயில் பிரகாரத்தைச் சுற்றுகிற பழக்கம். சித்திரை வெயிலில் கல் சுட்டுக் காலில் கொப்புளம் வந்தது அவருக்குத் தெரியவே இல்லை, மரத்துப்போயிருந்தது. புண்ணைக் "கழிவு வெளியேறுகிறது" என்று சொல்லிப் பத்து நாள் ஓட்டினார்கள். இரண்டு விரல்கள் போயின. டப்பா விற்றவரும் உறவுதான். ஆஸ்பத்திரிக்குப் பார்க்க வந்தபோது, புண் சீக்கிரம் ஆறும் என்று இன்னும் இரண்டு டப்பா கொண்டுவந்தார். அவர் கெட்டவர் இல்லை. முழு மனசோடு நம்புகிறார். அதுதான் பயமாக இருக்கிறது.

டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். இப்படிப்பட்ட பொருள்களுக்கான 2016 ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு விதிகளின்படி "மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல" என்று அச்சடித்திருக்க வேண்டும். டப்பா ஒன்று சொல்கிறது, விற்பவர் வாய் வேறொன்று சொல்கிறது. சர்க்கரையைக் குணப்படுத்தும், புற்றுநோயைக் குணப்படுத்தும் என்று விளம்பரம் செய்வதை 1954 ஆம் ஆண்டுச் சட்டமே தடை செய்கிறது. 2021 ஆம் ஆண்டு நேரடி விற்பனை விதிகளின்படி, விற்பவர் அடையாள அட்டை இல்லாமலும் முன்கூட்டிச் சொல்லாமலும் உங்கள் வீட்டுப் படி ஏறக் கூடாது. ஆனால் அத்தை வீட்டுக்கு வர அடையாள அட்டை எதற்கு? இந்த வியாபாரத்தின் சூட்சுமமே அதுதான். நிறுவனம் கடை வாடகை கொடுப்பதில்லை. உங்கள் உறவே கடை, உங்கள் நல்ல பெயரே முதல்.

இப்போது என் விஷயம். ஓய்வு பெற்ற ஆசிரியர்களைத்தான் இவர்கள் முதலில் தேடி வருகிறார்கள். என் பழைய மாணவன் ஒருவன் வந்தான், தங்கமான பிள்ளை. "டீச்சர், உங்களுக்கு எவ்வளவு ஸ்டூடண்ட்ஸ்! நீங்க ஒரு வார்த்தை சொன்னா போதும், நீங்க உட்கார்ந்த இடத்துல பணம் வரும்" என்றான். முப்பது வருஷத்துக்கும் மேல் உங்களுக்கு எழுத்தும் கணக்கும் சொல்லிக்கொடுத்தேன். நான் சொன்னால் சரியாக இருக்கும் என்று நீங்கள் நம்புவது அப்படிச் சேர்ந்தது. அதைக் கமிஷனுக்கு மாற்றிக்கொள் என்கிறான். அவனுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன்: அந்த நம்பிக்கை விற்பனைக்கு இல்லை. இனி யாராவது "டீச்சரும் சாப்பிடுறாங்க" என்று சொன்னால் அது பொய் என்று தெரிந்துகொள்ளுங்கள்.

எனக்காக நீங்கள் செய்ய வேண்டியவை:

• டாக்டர் சொல்லாமல் எந்த மாத்திரையையும் நிறுத்தாதீர்கள்.
• ஏற்கெனவே காளான் சாப்பிடுகிறீர்களா? வெட்கப்படாமல் டாக்டரிடம் டப்பாவைக் கொண்டுபோய்க் காட்டுங்கள்.
• மாத்திரைக்குக் காசு இல்லை என்றால், 2021-லிருந்து மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை, பிரஷர் மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து இலவசமாகத் தருகிறார்கள். புத்தூர் பெரியாஸ்பத்திரியிலும் காசு வாங்குவதில்லை. காளானுக்கு மாதம் கொடுக்கும் ஆயிரங்களில் முட்டையும் கீரையும் வாங்குங்கள்.
• விற்றுக்கொண்டிருக்கும் பிள்ளைகளே, வருமானத்துக்கு வழியில்லாமல்தான் இதில் இறங்கினீர்கள் என்று எனக்குத் தெரியும். விற்றே ஆக வேண்டும் என்றால் காபித்தூள் என்று சொல்லி விற்றுக்கொள்ளுங்கள். மருந்து என்று மட்டும் சொல்லாதீர்கள்.

என்னை அன்ஃபிரண்ட் செய்ய நினைப்பவர்கள் தாராளமாகச் செய்யலாம். அதற்கு முன் உங்கள் வீட்டுப் பெரியவர்கள் இன்று மாத்திரை போட்டார்களா என்று ஒரு முறை கேட்டுவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் நாலாம் வகுப்பு டீச்சர்