ஒக்டோபர் யாருடைய மாதம்?

யாழ்ப்பாணத்தின் நாட்காட்டியில் ஒக்டோபர் பாரமான மாதம். 1966 ஒக்டோபர் 21 அன்று தீண்டாமைக்கு எதிரான ஊர்வலம் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாண நகரை நோக்கிப் புறப்பட்டது. தேநீர்க் கடையில் சமமாக உட்காரவும் கோயிலுக்குள் நுழையவும் நடந்த போராட்டங்கள் அதன்பின் சூடுபிடித்தன; 1968 இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசல் போராட்டக் களமாயிற்று. அதே 21 ஆம் திகதி, 1987 இல், யாழ்ப்பாண வைத்தியசாலைக்குள் புகுந்த இந்தியப் படையினர் வைத்தியர், தாதியர், நோயாளர் என 60 இற்கும் மேற்பட்டோரைச் சுட்டுக் கொன்றனர்.

ஒன்பது நாள் கழித்து 30 வருகிறது. 1990 இல் அது ஒரு செவ்வாய்க்கிழமை. ஒலிபெருக்கியில் அறிவித்து மக்களைத் திரட்டிய விடுதலைப் புலிகள், இரண்டு மணி நேரத்துக்குள் ஊரை விட்டுப் போகச் சொன்னார்கள். சாவகச்சேரி முஸ்லிம்கள் அதற்கு முன்பே விரட்டப்பட்டிருந்தனர். கையில் சில நூறு ரூபாய். பலருக்குக் காதுத் தோடும் மிஞ்சவில்லை. வடக்கு முழுவதிலுமிருந்து வெளியேற்றப்பட்டோர் ஏறத்தாழ 75,000 பேர். அவர்களில் பெரும்பாலோருக்குப் புத்தளம் மாவட்டம் இடம் கொடுத்தது. நம்மில் பலருடைய பிறப்புச் சான்றிதழ் அங்கேதான் எழுதப்பட்டது.

இந்த நாட்களை யார் நினைவுகூர்கிறார்கள் என்று பாருங்கள். ஊர்வலத்தை இடதுசாரிகள் நினைக்கிறார்கள். வைத்தியசாலைப் படுகொலையை வைத்தியசாலை நினைக்கிறது. 30 ஐ நாம் நினைக்கிறோம். அவரவர் துக்கத்துக்கு அவரவரே ஆள்! நூலகம் மட்டும் விதிவிலக்கு. 1981 மே 31 இரவு வைத்த தீயில் ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்ததை முழு யாழ்ப்பாணமும் தன் இழப்பாகச் சொல்கிறது. அது சரியே. சோனகத் தெருவிலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருந்த நூலகம் அது. நம் மூத்தோரும் அங்கே வாசித்தார்கள். ஆனால் ஒரு நகரம் தன் புத்தகங்களை இழந்ததற்கு அழுமென்றால், தன் தையற்காரரை, இரும்புக் கடைக்காரரை, ஆசிரியரை, பக்கத்து வகுப்பு மாணவியை ஒரே பகலில் இழந்ததற்கும் அழ வேண்டாமா? 30 ஆம் திகதியை முஸ்லிம்களின் நாள் என்று ஒதுக்குவதில் எனக்கு உடன்பாடில்லை. அது யாழ்ப்பாணம் தன்னில் ஒரு பகுதியை இழந்த நாள்.

'பழையதைக் கிளறினால் இப்போதுள்ள ஒற்றுமை கெடும்' என்று சொல்வோர் உண்டு. அவர்களில் நல்ல மனதுள்ளவர்களும் இருக்கிறார்கள். ஆனால் தனியாக விடப்பட்ட துக்கம் சும்மா கிடப்பதில்லை. தேர்தல் வந்தால் அதை யாராவது தூக்கிக்கொண்டு போய்த் தமக்கு வேண்டிய மேடையில் வைப்பார்கள். அயலவரோடு சேர்ந்து நினைத்தால் அப்படித் தூக்குவது கடினம்.

குறை அவர்கள் பக்கம் மட்டும் என்றும் சொல்லமாட்டேன். வெளியேறிய நாளை ஒப்புவிக்கத் தெரிந்த நமக்கு, அதற்கு முன் வாழ்ந்த நாட்கள் எத்தனை தெரியும்? அதே மாதத்தின் 4 ஆம் திகதி, 1911 இல், ஏ. எம். ஏ. அஸீஸ் வண்ணார்பண்ணையில் பிறந்தார். குர்ஆன் மதரஸாவில் தொடங்கி, வைத்தீஸ்வர வித்தியாலயத்திலும் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியிலும் படித்தவர். 1935 இல் இலங்கை சிவில் சேவையில் சேர்ந்தார். அந்தச் சேவைக்குள் சென்ற முதல் முஸ்லிம் அவரே. 1945 இல் வசதியற்ற முஸ்லிம் மாணவர்களுக்கான புலமைப்பரிசில் நிதியம் உருவாக முன்னின்றார். 1948 முதல் 1961 வரை கொழும்பு ஸாஹிறாவின் அதிபர். 'இலங்கையில் இஸ்லாம்' என்ற நூலைத் தமிழில் எழுதினார். ஓர் இந்துக் கல்லூரி வளர்த்த முஸ்லிம் அறிஞர்! யாழ்ப்பாணம் எப்படிப்பட்ட ஊராக இருந்தது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா? அந்த 4 ஆம் திகதி நம் வகுப்பறைகளில் பெரும்பாலும் பேச்சின்றிக் கடந்துபோகிறது. 30 மட்டும் தெரிந்த பிள்ளைக்கு இந்த ஊர் துரத்திய ஊராக மட்டுமே தெரியும்; 4 உம் தெரிந்தவளுக்குத்தான் அது திரும்பிவரத் தகுந்த ஊர்.

2025 இல் 35 ஆண்டுகள் நிறைந்துவிட்டன. அன்று உயர்தர வகுப்பில் இருந்தவருக்கு இப்போது ஐம்பதைத் தாண்டிய வயது. கல்பிட்டிப் பக்கத்தில் வெங்காயத் தோட்டங்களில் கூலிக்கு நின்று பிள்ளைகளைப் படிப்பித்த உம்மம்மாமார் ஒவ்வொருவராகக் குறைகிறார்கள். அவர்களிடம் வெளியேறிய கதையை மட்டும் கேட்டுவிட்டு எழும்பாதீர்கள். எந்தப் பாடசாலை, யார் பக்கத்தில் இருந்தார்கள், பெருநாள் சாப்பாடு எந்தெந்த வீட்டுக்குப் போனது, தைப்பொங்கலுக்கு யார் வீட்டிலிருந்து வந்தது என்றும் கேளுங்கள். பெயரோடு எழுதிவையுங்கள்.

நகரின் மற்றப் பெண்கள் கல்லூரிகளில் படிக்கும் தோழியரையும் இதில் சேர்த்துக்கொள்ளலாம். அவர்கள் தங்கள் அம்மம்மாவிடம் கேட்க ஒரு கேள்வி போதும்: சோனகத் தெருவில் ஆளில்லை என்று உங்களுக்கு எப்போது தெரியவந்தது, அன்றிரவு வீட்டில் என்ன பேசினீர்கள்?