யாருடைய தண்ணீரில் நீந்துவது?

“கிராமத்துப் பிள்ளைகளுக்கு நீச்சல் சொல்லிக்கொடுக்கணுமா என்ன, தானா வந்துடும்” என்று சென்னையில் அடிக்கடி கேட்கிறேன். எந்தக் கிராமம், யாருடைய கிணறு என்று யாரும் சொல்வதில்லை. முதுகில் சுரைக்குடுக்கை, இடுப்பில் கயிறு, மேலே நின்று கயிற்றைப் பிடித்துக்கொள்ள ஒரு மாமா. வயற்கிணறுதான் நம் ஊர் நீச்சல் பள்ளி. வயல் யாருடையதோ அவர்கள் பிள்ளைகளுக்கு நீச்சல் வந்தது. சேரியில் பிறந்த என் அம்மா நாள் முழுக்கக் களை எடுத்த வயலின் கிணற்றில் ஒருநாளும் இறங்கியதில்லை. இறங்க விட்டதில்லை.

முப்பத்திரண்டு வயதில் நீச்சல் கற்கக் கிளம்பினேன். தென்சென்னையில் இதற்கு இரண்டு வழிகள் சொல்வார்கள். ஒன்று கிளப், மற்றொன்று அரசுக் குளம்.

பணம் இருந்தால் கிளப்பில் சேர்ந்துவிடலாம் என்று நினைக்கும் தோழர்களுக்கு ஒரு தகவல். பழைய கிளப்களில் பணம் கடைசியில்தான் வருகிறது. முதலில் ஓர் உறுப்பினர் முன்மொழிய வேண்டும், இன்னொருவர் வழிமொழிய வேண்டும், பெயரைப் பலகையில் ஒட்டுவார்கள், பிறகு ரகசிய வாக்கெடுப்பு. வேண்டாம் என்று வாக்களிப்பவர் காரணம் சொல்ல வேண்டியதில்லை. உறுப்பினர்களின் பிள்ளைகளுக்குத் தனிச் சலுகை. சாதிச் சான்றிதழை யாரும் கேட்பதில்லை. கேட்காமலேயே வேலை முடிந்துவிடும். நண்பர் ஒருவரின் விருந்தாளியாக ஒரு கிளப்புக்குப் போனபோது, தண்ணீரில் கால் வைப்பதற்குள் இரண்டு பெரியவர்கள் என் சொந்த ஊரையும் அப்பாவின் தொழிலையும் விசாரித்து முடித்திருந்தார்கள். மிகவும் மரியாதையாகத்தான் கேட்டார்கள்.

1832இல் தொடங்கிய மெட்ராஸ் கிளப், வெள்ளையர் ஆட்சி போன பிறகும் 1960கள் வரை இந்தியர்களை உறுப்பினராக்கவில்லை. இதைச் சொல்லும்போது நம் கனவான்களுக்கு இன்றும் கோபம் வரும். அதே வடிகட்டி இப்போது தங்கள் கையில் இருப்பதைப் பற்றிப் பேசமாட்டார்கள். 2014 ஜூலையில் வேட்டி கட்டி வந்த நீதிபதி அரிபரந்தாமனை சேப்பாக்கத்தில் கிரிக்கெட் சங்க கிளப்பில் தடுத்து நிறுத்தினார்கள். தமிழ்நாடே கொதித்தது. அடுத்த மாதமே கிளப்களில் வேட்டிக்குத் தடை போடக்கூடாது என்று சட்டமன்றம் சட்டம் இயற்றியது. நல்ல சட்டம்தான். வேட்டிக்கு ஒரே மாதத்தில் கதவு திறந்தது. வேட்டி கட்டிய ஆளை உறுப்பினராக்கும் அந்த ரகசிய வாக்குப்பெட்டியை மட்டும் எந்தச் சட்டமும் தொடவில்லை.

நான் அரசுக் குளத்துக்குப் போனேன். என் பேட்சில் ஓர் ஆட்டோ ஓட்டுநர், ஒரு நர்ஸ், வங்கியில் ஓய்வுபெற்ற ஒருவர். முதல் வாரம் முழுக்கக் கம்பியைப் பிடித்துக்கொண்டு தண்ணீருக்குள் மூச்சு விட்டதுதான். வளர்ந்த உடம்பு லேசில் மிதக்காது. கழுத்தைத் தளர்த்தச் சொன்னால் கால் விறைக்கும். கற்றுக்கொள்பவர் ஒவ்வொருவரும் நாலு மடக்காவது குடிப்பார். எல்லார் வாயிலும் போய்வந்த தண்ணீர்தான் என் வாயிலும் வருகிறது. குளோரின் போட்ட அந்தத் தண்ணீரை விழுங்கும்போதெல்லாம் எனக்கு மகாத் நினைவு வரும்.

1927 மார்ச் 20 அன்று அண்ணல் அம்பேத்கர் ஆயிரக்கணக்கான மக்களோடு சவுதார் குளத்தில் இறங்கித் தண்ணீர் அள்ளிக் குடித்தார். அடித்து விரட்டிய ஆதிக்கச் சாதியினர், பிறகு மாட்டுச் சாணமும் மூத்திரமும் கலந்து 108 குடங்களால் அந்தக் குளத்தைச் “சுத்தம்” செய்தார்கள். உரிமையை பம்பாய் உயர்நீதிமன்றம் உறுதிசெய்ய 1937 ஆனது. அமெரிக்காவிலும் இதே நோய்தான். மிசிசிப்பியின் ஜாக்சன் நகரம், கறுப்பின மக்களோடு ஒரே குளத்தில் குளிப்பதற்குப் பதிலாக நகராட்சிக் குளங்களையே மூடியது. மூடியது செல்லும் என்று 1971இல் அங்குள்ள உச்ச நீதிமன்றமும் சொன்னது.

இங்கே யாரும் குளத்தை மூடவில்லை. பொதுக் குளங்களைக் கட்டாமலே விட்டுவிட்டார்கள். மெரினாவில் மாநகராட்சிக் குளம் இருக்கிறது. வேளச்சேரியில் 1995 தெற்காசிய விளையாட்டுப் போட்டிக்காகக் கட்டிய வளாகம் இருக்கிறது. இவ்வளவு பெரிய ஊருக்கு இன்னும் சிலவற்றைச் சேர்த்தாலும் விரல்விட்டு எண்ணிவிடலாம். தி.நகரை எடுத்துக்கொள்ளுங்கள். 1920களில் ஓர் ஏரியைத் தூர்த்து உருவாக்கிய பகுதி அது. ஏரி போனது, மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு என்ற பெயர் மிச்சம்.

நீச்சலைப் பணக்காரப் பொழுதுபோக்கு என்று நம் தோழர்களே ஒதுக்குவதில் எனக்கு உடன்பாடில்லை. உலக சுகாதார நிறுவனக் கணக்குப்படி 2021இல் மட்டும் நீரில் மூழ்கி இறந்தவர்கள் சுமார் 3 லட்சம் பேர். பத்தில் ஒன்பது பேருக்கு மேல் ஏழை, நடுத்தர வருமான நாடுகளைச் சேர்ந்தவர்கள். 2015 டிசம்பரில் அடையாறு கரை புரண்டபோது தண்ணீர் முதலில் புகுந்தது கிளப்களுக்குள் அல்ல, ஆற்றோரக் குடிசைகளுக்குள். மறுவாரம் அந்தச் சேற்றை அள்ளியவர்கள் எந்தச் சாதி என்பதும் நமக்குத் தெரியும்.

நிலம் இல்லை என்று சொல்வார்கள். கிண்டியில் ரேஸ் கிளப்புக்கு 1940களில் 99 ஆண்டு குத்தகைக்கு விட்ட அரசு நிலம் சுமார் 160 ஏக்கர். அன்று நிர்ணயித்த ஆண்டு வாடகை 614 ரூபாய் சொச்சம். 2024 செப்டம்பரில் அரசு அதற்குச் சீல் வைத்தது, மழைநீருக்காகக் குளங்களும் வெட்டியது. அங்கே கழுத்தளவு ஆழத்தில் ஒரு பயிற்சிக் குளமும் கட்டட்டும். காலை ஐந்தரைக்குத் திறக்கட்டும், வேலை முடிந்து வருபவர்களுக்காக இரவு பத்து வரை விளக்கு எரியட்டும். பெண்களுக்கென ஒதுக்கும் நேரம் மதியம் இரண்டு மணி வெயிலாக இருக்கக்கூடாது. கட்டணம், பக்கத்து வீடுகளில் பாத்திரம் தேய்க்கும் ஒரு அக்கா யோசிக்காமல் கொடுக்கக்கூடிய தொகையாக இருக்க வேண்டும். அடுத்த மாநகராட்சி பட்ஜெட்டுக்கு முன்பு உங்கள் வார்டு கவுன்சிலரிடம் இதை எழுதிக் கொடுங்கள்.