எலும்பு டிபார்ட்மென்ட்டுக்கு ஒரு எக்ஸ்ரே!

'மாப்ளே, ரேங்க் வந்துடுச்சு. ஆர்த்தோ கிடைக்கும்போல இருக்கு. எந்த காலேஜ் போடறது?'

நீட் பி.ஜி. ரிசல்ட் வருகிற ராத்திரியில் ஹவுஸ் சர்ஜன் ஹாஸ்டல்களில் தவறாமல் கேட்கிற கேள்வி இது. பதில்களுக்கும் பஞ்சமில்லை. 'பெரிய பேரு மச்சி, கண்ணை மூடிட்டு எடு', 'அங்கே கேஸ் கொட்டும்டா', 'அந்த ஊர்ல பிரியாணி சூப்பர்டா!'

மூணாவது பதிலாவது நேர்மையானது. முதல் ரெண்டும் பாதி உண்மை. அதை நம்பி மூணு வருஷத்தைத் தூக்கிக் கொடுக்கலாமா பாஸ்?

நம்ம ஊர் பி.ஜி. அட்மிஷனில் இன்டர்வியூ கிடையாது. ரேங்க், சாய்ஸ் ஃபில்லிங், லாக்... முடிஞ்சது கதை. காலேஜும் உங்களைப் பார்ப்பதில்லை, நீங்களும் காலேஜைப் பார்ப்பதில்லை. பெண் பார்க்காமலே கல்யாணம் மாதிரி! ஆனால், போய்ப் பார்க்கக் கூடாதுன்னு எந்தச் சட்டமும் இல்லை. ரிசல்ட்டுக்கும் கவுன்சலிங்குக்கும் நடுவில், லிஸ்ட்டில் முதல் நாலைந்து இடங்களுக்கு ஒரு நாள் வீதம் ஒதுக்குங்கள். டிபார்ட்மென்ட்டில் அனுமதி கேட்டுவிட்டு உள்ளே போங்கள். அங்கே எதைப் பார்ப்பது, யாரிடம் என்ன கேட்பது? இந்த வாரம் அதுதான் மேட்டர்.

கேஸ் எத்தனை... கையில் எத்தனை?

2022-ம் வருஷம் தமிழ்நாட்டில் பதிவான சாலை விபத்துகள் 64,105. அந்த வருஷம் எண்ணிக்கையில் இந்தியாவிலேயே நாம்தான் முதலிடம். வருத்தமான முதலிடம். ஆக, இங்கே பெரிய அரசு மருத்துவமனை எதிலும் உடைந்த எலும்புகளுக்குக் குறைவில்லை. அதனால், 'இங்கே எத்தனை ஆபரேஷன் நடக்குது?' என்று கேட்டால் மருத்துவமனையைப் பற்றித்தான் தெரியும். உங்களைப் பற்றித் தெரிய வேண்டுமா? 'செகண்ட் இயர் முடியும்போது, எந்தெந்த ஆபரேஷனை ஆரம்பம் முதல் கடைசி வரை நீங்களே செஞ்சிருந்தீங்க?' என்று சீனியரிடம் கேளுங்கள்.

தொடை எலும்பில் நெயில் போடுவதையே எடுத்துக்கொள்ளுங்கள். எலும்பை நேராக்குவது, நுழைவுப் புள்ளியைப் பிடிப்பது, கைடு வயர் விடுவது, ரீமிங், நெயில், லாக்கிங் ஸ்க்ரூ, கடைசியில் தையல் என்று வரிசையாகப் படிகள் இருக்கின்றன. இதில் காலைப் பிடித்து இழுத்தது மட்டும் நீங்களா? தையல் மட்டும் நீங்களா? நூறு கேஸில் ரிட்ராக்டர் பிடித்தவரும் 'நூறு நெயில் பார்த்திருக்கேன்' என்றுதான் சொல்வார். பொய் இல்லை. ஆனால், பார்த்தது வேறு, போட்டது வேறு. முடிந்தால் லாக் புக்கைப் புரட்டிப் பாருங்கள். 'உதவினார்' என்ற இடம் நிரம்பி வழிந்து, 'மேற்பார்வையில் செய்தார்' காலியாக இருந்தால் புரிந்துகொள்ளுங்கள்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. 'எங்க காலேஜ்ல ஃபர்ஸ்ட் இயர்லயே கத்தியைக் கையில் குடுத்துடுவாங்க!' என்று காலரைத் தூக்கிவிடுவார்கள். உடனே அடுத்த கேள்வியைப் போடுங்கள்: 'அப்போ எதிர்ப்பக்கம் யார் நின்னாங்க?' ராத்திரி ரெண்டு மணிக்கு அசிஸ்டென்ட் புரொஃபசர் வீட்டில், போனில் மட்டும் ஆலோசனை என்றால், அதற்குப் பெயர் சுதந்திரம் இல்லை. தப்பான நுழைவுப் புள்ளியைத் திருத்த ஆள் இல்லாமல் ஐம்பது முறை செய்தால், கைக்கு அதுவே பழக்கமாகிவிடும். டேபிளில் படுத்திருப்பவர் ஒரு ஆட்டோ டிரைவராக இருக்கலாம். கால் கோணலாகச் சேர்ந்தால் போவது அவருடைய பிழைப்பு.

முதலில் பார்ப்பது, அப்புறம் உதவுவது, அப்புறம் சீனியர் எதிரில் நிற்கச் செய்வது, கடைசியில் சீனியர் அறையில் இருக்கச் செய்வது. இந்தப் படிக்கட்டு அங்கே இருக்கிறதா என்பதுதான் விஷயம்.

எம்.எஸ்.ஸா... டி.என்.பி-யா?

ரெண்டும் மூணு வருஷம். பட்டத்தின் பெயரை வைத்துச் சண்டை போடுவதைவிட, ஓ.டி. லிஸ்ட்டைப் பாருங்கள். அரசு மருத்துவமனை என்றால் விபத்துக் கேஸ்கள் நிறைய. நாட்டுக்கட்டு போட்டுக்கொண்டு மாதக்கணக்கில் கழித்து வரும் பழைய முறிவுகளும் வரும். கார்ப்பரேட் மருத்துவமனையில் மூட்டு மாற்று, ஆர்த்ரோஸ்கோபி எல்லாம் வரிசையில் நிற்கும். ஆனால், பணம் கட்டி வந்த நோயாளியின் முழங்காலை பி.ஜி-யிடம் கொடுக்க சீனியர் யோசிக்கலாம். அதே சமயம், விதிவிலக்குகள் ரெண்டு பக்கமும் உண்டு. அதனால்தான் நேரில் போகச் சொல்கிறேன்.

முதுகெலும்பு, குழந்தைகள் ஆர்த்தோ, எலும்புக் கட்டி... இதிலெல்லாம் ரொட்டேஷன் உண்டா? பிறவியிலேயே பாதம் வளைந்த குழந்தைகளுக்கு பொன்செட்டி முறையில் வாராவாரம் மாவுக்கட்டு போடும் கிளினிக் நடக்கிறதா? நடந்தால் போனஸ். கத்தி எடுக்காமல் விரல்களால் எலும்பைப் பழக்கும் வித்தையை அங்கே கற்கலாம். பிளாஸ்டர் ரூமுக்கும் ஒரு விசிட் அடியுங்கள். மாவுக்கட்டை அழகாக மோல்டு பண்ணச் சொல்லித்தரும் ஆள் இருக்கும் டிபார்ட்மென்ட், 'இதுக்கு ஆபரேஷனே வேண்டாம்' என்று சொல்லவும் கற்றுத்தரும். ஆர்த்தோவில் அது பாதிப் படிப்பு.

2023-ல் வந்த தேசிய மருத்துவ ஆணைய விதிகள்படி, பி.ஜி. மாணவர்கள் மூணு மாதம் மாவட்ட மருத்துவ சேவையில் வேலை பார்க்க வேண்டும். எந்த ஊருக்கு அனுப்புகிறார்கள், அங்கே சி-ஆர்ம் இருக்கிறதா என்பதையும் கேட்டு வையுங்கள்.

காலை மீட்டிங்கில் கடைசி பெஞ்ச்

ஒரே ஒரு மணி நேரம்தான் கிடைக்கும் என்றால், காலை எக்ஸ்ரே மீட்டிங்கில் போய் உட்காருங்கள். முந்தின ராத்திரி வந்த படங்கள் வரிசையாக வரும். ஃபர்ஸ்ட் இயர் பையன் தடுமாறுவான். அப்போது சீஃப் என்ன செய்கிறார் என்று கவனியுங்கள். 'ஏன் அந்த பிளேட்? வேற என்ன செஞ்சிருக்கலாம்?' என்று கேட்டால் அது பாடம். கேலியும் திட்டும் மட்டும் என்றால், அடுத்த முறை அந்தப் பையன் தப்பை மறைப்பான். பில்லைக் கட்டப்போவது நோயாளி.

டிபார்ட்மென்ட் என்ன யோசிக்கிறது என்பதும் முக்கியம். வேலூர் சி.எம்.சி-யில் 1940-களின் பிற்பகுதியில் டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை ஏன் மறுபடி நிமிர்த்தக் கூடாது என்று கேட்டார். கைச் சீரமைப்பு அறுவைச் சிகிச்சையில் புது வழி பிறந்தது. கோவை கங்கா மருத்துவமனையில், எலும்பு வெளியே தெரியும்படி நசுங்கி வரும் கால்களைக் காப்பாற்ற முடியுமா என்று கணிக்க ஒரு ஸ்கோரையே உருவாக்கினார்கள். ரெண்டுமே தினமும் வார்டில் பார்த்த நோயாளிகளிடமிருந்து வந்தவை. நீங்களும் தீசிஸ் எழுதப் போகிறீர்கள். 'போன பேட்ச் தீசிஸ் என்ன? நோயாளிகள் ஃபாலோ-அப்புக்குத் திரும்ப வர்றாங்களா?' என்று விசாரியுங்கள்.

தூக்கம், ஈயம், தாழ்ப்பாள்

ஜூனியர் ரெசிடென்ட் ஒரே மூச்சில் 12 மணி நேரத்துக்கு மேல் வேலை பார்க்கக் கூடாது, வாரம் சாதாரணமாக 48 மணி நேரம் என்று மத்திய சுகாதார அமைச்சகம் சொன்னது 1992-ல்! 2023 விதிகளில் வார விடுமுறை ஒரு நாள் ('வேலைச் சூழலைப் பொறுத்து' என்ற வாலோடு), வருஷம் குறைந்தது 20 நாள் சம்பளத்துடன் தற்செயல் விடுப்பு. 2024-ல் மருத்துவ மாணவர்களின் மனநலம் பற்றி ஆராய்ந்த தேசியப் பணிக்குழு, வாரம் 74 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்றது. பேப்பரில் எல்லாம் பிரமாதம். நீங்கள் சுவரில் ஒட்டியிருக்கும் டியூட்டி ரோஸ்டரைப் பாருங்கள். ஃபர்ஸ்ட் இயரிடம், 'கடைசியா எப்போ வீட்டுக்குப் போனே?' என்று கேளுங்கள். பதில் சொல்ல ரொம்ப யோசித்தால், அதுதான் பதில்.

சி-ஆர்ம் ஓடும் ஓ.டி-யில் எத்தனை ஈய ஏப்ரன் இருக்கிறது? தைராய்டு கவசம் உண்டா? கதிர்வீச்சை அளக்கும் பேட்ஜ் பி.ஜி-களுக்கும் தருகிறார்களா, சீனியர்களோடு தீர்ந்துவிடுகிறதா?

தோழிகளே, 'ஆர்த்தோவா? அதுக்கு உடம்புல பலம் வேணுமே' என்று யாராவது ஆரம்பித்தால் சிரித்துவிட்டு நகருங்கள். இழுக்க டிராக்ஷன் டேபிள் இருக்கிறது, துளைக்க பவர் டிரில் இருக்கிறது. நீங்கள் பார்க்க வேண்டியது, அங்கே பெண் பி.ஜி. இருக்கிறாரா, அவருக்கும் அதே கேஸ்கள் கிடைக்கின்றனவா, டியூட்டி ரூம் கதவில் ஒழுங்கான தாழ்ப்பாள் இருக்கிறதா என்பதைத்தான்.

டீக்கடை விசாரணை

ஹெச்.ஓ.டி-யிடம் கேட்டால் பிராஸ்பெக்டஸ்தான் பேசும். ஃபர்ஸ்ட் இயர், ஃபைனல் இயர், ஓ.டி. சிஸ்டர் மூணு பேரிடமும் ஒரே கேள்வியைத் தனித்தனியாகக் கேளுங்கள். பதில்கள் ஒத்துப்போனால் நம்பலாம். பாதியில் சீட்டை விட்டுப் போனவர் யாராவது உண்டா, ஏன் போனார் என்பதையும் மெதுவாகத் தூண்டுங்கள். ஸ்டைபண்ட் மாதாமாதம் வருகிறதா? பாண்டு எத்தனை வருஷம்? சேர்ந்த பிறகு விலகினால் எவ்வளவு கட்ட வேண்டும்? இதெல்லாம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். சீனியரின் ஞாபகத்தை நம்பாமல், இந்த வருஷ பிராஸ்பெக்டஸை வரிக்கு வரி படியுங்கள்.

எல்லாம் முடிந்து சாய்ஸை லாக் பண்ணும் முன்னால், மனசுக்குள் ஒரு கேள்வி. 'என் அம்மா பாத்ரூமில் வழுக்கி விழுந்து, இடுப்பு எலும்பு உடைஞ்சு, ராத்திரி இங்கே வந்தா... நான் பார்த்த அந்த செகண்ட் இயர் கையில் தைரியமா ஒப்படைப்பேனா?'

'ஆமா' என்றால் கிளிக் பண்ணுங்கள். அடுத்த வருஷம் கழித்து அந்த செகண்ட் இயர் நீங்கள்தான். வரப்போவது வேறு யாரோ ஒருவரின் அம்மா.

ஆல் தி பெஸ்ட் ஃப்ரெண்ட்ஸ்!