அறையில் உட்கார்ந்து நிரப்பும் சேரி

கே.கே. நகர் அண்ணா மெயின் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சின்னத் தெருவில் ஜெராக்ஸ் கடை ஒன்று இருக்கிறது. ஆய்வேடு தட்டச்சு, பைண்டிங் எல்லாம் அங்கே நடக்கும். நமக்குத் தெரிந்த ஆய்வு மாணவி ஒருவர் போன மாதம் அங்கே நகல் எடுக்கப் போயிருந்தார். கடைக்காரர் பக்கங்களைப் புரட்டிவிட்டு, "எதுக்கு தங்கச்சி வெயில்ல அலையற? தலைப்பை மட்டும் குடு, மூணு மாசத்துல முழுசா முடிச்சுக் குடுக்க ஆள் இருக்கு" என்றாராம். "வேணாம்ணா" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

அவர் வீட்டின் முதல் பட்டதாரி. அப்பா ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர். ஆய்வும் அதைப் பற்றித்தான்: தூய்மைப் பணியாளர் குடும்பங்களில் பிள்ளைகள் எந்த வகுப்பில் பள்ளியைவிட்டு நிற்கிறார்கள், ஏன் நிற்கிறார்கள். 300 வீடுகளில் படிவம் நிரப்ப வேண்டும். 140 முடிந்திருந்தது. கடைக்காரர் சொன்னது அவரைப் பெரிதாகப் பாதிக்கவில்லை. அவர் வியாபாரி, விற்கிறார். அடுத்த வாரம் கைடு சொன்னதுதான் அவரைத் தூங்கவிடவில்லை. "மீதியை ரூம்லயே உட்கார்ந்து ஃபில் பண்ணிடும்மா. எல்லா வீட்லயும் ஒரே பதில்தானே வரப்போகுது."

எல்லா வீட்டிலும் ஒரே பதில் வரவில்லை என்பதை நாம் அந்த 140 படிவங்களைப் படித்துப் பார்த்துச் சொல்கிறோம். அம்மா விடியற்காலை ஐந்து மணிக்கே வேலைக்குப் போய்விடுகிறார். தம்பி தங்கையைக் கிளப்பிவிட்டுத் தாமதமாகப் பள்ளிக்குப் போகும் மூத்த பெண் தினமும் வெளியே நிற்கவைக்கப்படுகிறாள். எட்டாம் வகுப்போடு நின்றுவிடுகிறாள். அந்த வீட்டு வாசலில் உட்கார்ந்தால்தான் இது தெரியும். அறையில் உட்கார்ந்து நிரப்புகிறவர் என்ன எழுதுவார்? "பெற்றோருக்குக் கல்வியில் அக்கறையில்லை" என்ற கட்டத்தில் டிக் அடிப்பார். அது அட்டவணையாகும், அட்டவணையை இன்னோர் ஆய்வேடு எடுத்தாளும், பிறகு ஒரு திட்ட அறிக்கையில் ஏறும். நம்மைப் பற்றி ஊர் ஏற்கெனவே நம்புவதே ஆய்வு முடிவாகத் திரும்பி வரும்.

பல்கலைக்கழக மானியக் குழு 2018-இல் கருத்துத் திருட்டுக்கு எதிராக விதிமுறை கொண்டுவந்தது. பிற எழுத்துகளோடு ஒற்றுமை 10 விழுக்காடு வரை தண்டனை இல்லை. 40 வரை என்றால் ஆறு மாதத்துக்குள் திருத்தித் தர வேண்டும், 60 வரை என்றால் ஓராண்டுத் தடை, அதற்கும் மேல் போனால் பதிவே ரத்து. வரவேற்கத்தக்க விதிதான். ஆனால் இது பிடிப்பது வரித்திருட்டை மட்டும். இட்டுக்கட்டிய 160 படிவங்கள் மென்பொருளுக்குச் சொக்கத் தங்கம், ஏனென்றால் அவை வேறெங்கும் இல்லாதவை. கூலிக்கு எழுதி வாங்கிய ஆய்வேடும் அப்படியே தப்பிவிடும். தமிழ் படித்தவர்கள் என்ற முறையில் இன்னொன்றும் சொல்ல வேண்டும். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த ஆய்வேடு இந்த மென்பொருள்களுக்குத் தமிழே அல்ல, ஆங்கில எழுத்துகளின் குவியல். ஆங்கில நூலை மொழிபெயர்த்துச் சொந்தச் சரக்காக வைத்தாலும் பெரும்பாலும் தெரியாது.

இடஒதுக்கீட்டில் ஒரு பிள்ளை ஆய்வுக்குச் சேர்ந்தால் "தரம் போச்சு" என்பவர்கள் இருக்கிறார்கள். கிண்டி அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரிகளில் 353 பேர் ஒரே நேரத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட கல்லூரிகளில் பேராசிரியர்களாகக் கணக்குக் காட்டப்பட்டதாக 2024 ஜூலையில் அறப்போர் இயக்கம் பட்டியல் வெளியிட்டது. தங்கள் கல்லூரிக் கட்டுரைகளையே மேற்கோள் காட்டி எண்ணிக்கையை ஏற்றிக்கொள்வதாகச் சென்னை சவீதா பல் மருத்துவக் கல்லூரி பற்றி 2023 ஜூனில் சயின்ஸ் இதழ் செய்தி வெளியிட்டது. அந்த ஆண்டு மத்திய அரசின் தரவரிசையில் பல் மருத்துவத்தில் முதலிடம் அந்தக் கல்லூரிக்குத்தான். இந்த இரண்டு செய்திகளிலும் தரத்தைப் பற்றி அவர்கள் வாய் திறந்து நாம் கேட்கவில்லை.

மேலே இருப்பவர் மாட்டினால் என்ன நடக்கும்? சண்டிகர் பஞ்சாப் பல்கலைக்கழகத்தின் வி.ஜே. குப்தா, வெளிநாட்டுப் புதைபடிவங்களை இமயமலையில் எடுத்ததாகப் பல ஆண்டுகள் கட்டுரை எழுதியவர். 1989-இல் ஆஸ்திரேலிய அறிஞர் ஜான் டேலன்ட் அதை நேச்சர் இதழில் அம்பலப்படுத்தினார். ஆனாலும் ஓய்வுபெறும் வரை குப்தாவின் வேலை போகவில்லை. நெதர்லாந்தில் நடந்தது வேறு. டில்பர்க் பல்கலைக்கழகத்தின் உளவியல் பேராசிரியர் டீடெரிக் ஸ்டாப்பல், எடுக்காத கணக்கெடுப்புகளுக்குத் தரவுகளை வீட்டில் உட்கார்ந்து உருவாக்கித் தன் ஆய்வு மாணவர்களுக்கே கொடுத்தவர். 2011-இல் அவரைக் காட்டிக்கொடுத்தவர்கள் மூன்று இளம் ஆய்வாளர்கள். பேராசிரியர் வேலை இழந்தார். பொய்த் தரவில் ஆய்வேடு எழுதிய மாணவர்கள்மீது குற்றமில்லை என்று விசாரணைக் குழு சொன்னது.

நம் மாணவி புகார் கொடுத்தால் எங்கே கொடுப்பது? 2018 விதிப்படி துறை அளவிலான குழுவுக்குத் தலைவர் துறைத் தலைவர். அவரும் கைடும் ஒரே அறையில் டீ குடிப்பவர்கள். குழுவில் ஆய்வு மாணவருக்கு இடமில்லை, பட்டியல் சாதி, பழங்குடி ஆசிரியர் ஒருவராவது இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. உதவித்தொகைக்குக் கைடு கையெழுத்து வேண்டும், வைவா தேதிக்கும் அவர் கையெழுத்து வேண்டும். பிறகு யார் வாயைத் திறப்பார்கள்?

எனவே நாம் முதலில் கேட்பது, புகார் கொடுக்கும் மாணவர் உதவித்தொகை ஒரு மாதம்கூட நிற்காமல் கைடை மாற்றிக்கொள்ளும் உரிமை. இது இல்லாமல் மற்றதெல்லாம் காகிதம். விசாரணைக் குழுவின் தலைவர் வேறு பல்கலைக்கழகத்திலிருந்து வரட்டும், பட்டியல் சாதி, பழங்குடி ஆசிரியரும் ஆய்வு மாணவரும் அதில் உட்காரட்டும். கள ஆய்வு என்றால் மூலப் படிவங்களைத் துறையில் ஐந்தாண்டு பாதுகாக்க வேண்டும். வைவாவுக்கு முன் பத்து வீட்டுக்காவது யாராவது போய், "இந்தப் பொண்ணு வந்துச்சா?" என்று கேட்டுவிட்டு வரட்டும். இதற்கு மென்பொருள் தேவையில்லை, பஸ் செலவு போதும். ஆய்வேட்டில் மோசடி என்றால் சான்றளித்துக் கையெழுத்துப் போட்ட நெறியாளருக்கும் அதே தண்டனை உண்டு என்று எழுதிவையுங்கள். தமிழ் ஆய்வேடுகளை ஒருங்குறியில் மட்டும் வாங்கினால், ஒப்பிட்டுப் பார்க்கும் கருவியைக் கோட்டூர்புரம் தமிழ் இணையக் கல்விக்கழகம் செய்து தர முடியும்.

பெயரை மறைப்பதும் மோசடிதான். தன் பாட்டனார் கந்தப்பன் திருக்குறள் ஓலைச்சுவடிகளை எல்லிஸ் துரையிடம் சேர்ப்பித்ததை அயோத்திதாசர் எழுதியிருக்கிறார். குறள் அச்சேறிய வரலாற்றை எழுதியவர்களில் எத்தனை பேர் அந்த பட்லரின் பெயரைக் குறிப்பிட்டார்கள்? இன்றும் மாணவர் அலைந்து சேகரித்த தகவல் கைடின் பெயரில் மட்டும் கட்டுரையாக வருவதை நாம் பார்க்கிறோம். அயோத்திதாசரைப் படிக்கிற நாமே இதைக் கேட்காவிட்டால் வேறு யார் கேட்பார்கள்?

அந்த மாணவி அறையில் உட்கார்ந்து நிரப்பவில்லை. கைடுக்கு என்ன பதில் சொல்வது என்று இன்னும் முடிவாகவில்லை. சனி, ஞாயிறுகளில் எங்கள் வாசிப்பு வட்டத்திலிருந்து இரண்டு பேர் அவருக்குத் துணையாக எம்.ஜி.ஆர். நகர், நெசப்பாக்கம் பக்கம் போகிறார்கள். பகலில் வீட்டில் ஆள் இருப்பதில்லை என்பதால் மாலை ஆறு மணிக்கு மேல்தான் வேலை நடக்கிறது. போன ஞாயிறு வரை 212 படிவங்கள் முடிந்திருக்கின்றன.