நடைக்காரர்களோடு நாலு நாள்

"தினமும் அரைமணி நேரம் நடங்கள்" என்று இந்தப் பக்கத்தில் எத்தனையோ தடவை எழுதியாகிவிட்டது. நம்மில் பலரும் மொட்டை மாடியில் பத்துச் சுற்றுச் சுற்றிவிட்டு, "அப்பாடா, இன்றைய பாடு முடிந்தது" என்று காப்பி கலக்கப் போய்விடுகிறோம். தப்பில்லை. ஆனால் வீட்டைப் பூட்டி, சாவியைத் தெரிந்தவர்களிடம் கொடுத்துவிட்டு, ஐந்து மாதம் ஆறு மாதம் நடப்பதையே வேலையாக வைத்துக்கொண்டவர்களை நீங்கள் பார்த்ததுண்டா? நான் பார்த்தேன். அவர்களோடு ஒரே பலகைத் தரையில் வரிசையாகப் படுத்துத் தூங்கவும் செய்தேன்.

அமெரிக்காவின் கிழக்குப் பக்கம் அப்பலாச்சியன் என்று ஒரு மலைத்தொடர் இருக்கிறது. அதன் முதுகின் மேலேயே ஓர் ஒற்றையடிப் பாதை போகிறது. தெற்கே ஜார்ஜியா மாநிலத்தில் ஸ்பிரிங்கர் மலையில் ஆரம்பம். வடக்கே மெய்ன் மாநிலத்தில் கட்டாடின் மலையுச்சியில் முடிவு. நடுவில் 14 மாநிலங்கள், சுமார் 2,190 மைல். நம் கணக்கில் 3,500 கிலோமீட்டர்! பென்டன் மக்காய் என்பவர் 1921-ல் யோசனை சொன்னார். 1937-ல் பாதை முழுதாயிற்று. வழி தவறாமல் இருக்க மரங்களில் இரண்டு அங்குல அகலம், ஆறு அங்குல நீளத்துக்கு வெள்ளைப் பட்டை அடித்திருக்கிறார்கள். அதைப் பார்த்துக்கொண்டே போக வேண்டியதுதான். முழுப் பாதையும் நடந்தே தீருவது என்று கிளம்புகிறவர்கள் வருஷத்துக்கு ஆயிரக்கணக்கில். முடிப்பவர்கள் நாலில் ஒருவர் தேறினால் அதிகம்.

வர்ஜீனியாவில் இருக்கும் என் அண்ணன் மகள்தான் 2023 ஜூனில் இழுத்துக்கொண்டு போனாள். "முழுசும் வேண்டாம் அத்தை, ஷெனன்டோவா காட்டுக்குள்ள ஒரு முப்பது, முப்பத்தஞ்சு மைல். பழனிக்கு நடந்த கால்தானே உங்களுது?" என்றாள்.

கிளம்புவதற்கு முன் சமையல் தராசை எடுத்து நடு ஹாலில் வைத்துக்கொண்டாள். சோப்பு, சீப்பு, துண்டு, எல்லாம் அதில் ஏறி இறங்கின. ஆளுக்கு ஒரு ஸ்பூன், ஒரு டம்ளர். பருத்தித் துணியே கூடாதாம். வியர்வையில் நனைந்தால் காயாது, மலைக்குளிரில் உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி. ஒன்று காலில், ஒன்று பையின் முதுகில் காய்ந்துகொண்டே வரும். காலுறை ஈரமாக இருந்தால் கொப்புளம் நிச்சயம். ஓரிடத்தில் 'சுருக்' என்று சூடு தெரிந்த மாத்திரத்தில் நின்று, ஷூவைக் கழற்றி, பிளாஸ்திரி ஒட்டிவிட வேண்டும். அடுத்த திருப்பத்தில் பார்க்கலாம் என்று தள்ளிப் போடக் கூடாது. மாதக்கணக்கில் நடப்பவர்களுக்குப் பாதமே பெரிதாகி, அரை அளவு ஒரு அளவு கூடுதலாக ஷூ வாங்க வேண்டி வருகிறதாம்.

முதல் நாள் ஏற்றத்தில் எனக்கு மூச்சு வாங்கியபோது அவள் சொன்ன கதையை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். ஒஹையோ மாநிலத்தில் எம்மா கேட்வுட் என்று ஒரு பெண்மணி. பிறந்தது 1887-ல். பதினொரு குழந்தைகள். பண்ணை வேலை. புருஷன் அடிக்கிறவன், பல் உடைய, விலா எலும்பு முறிய அடித்திருக்கிறான். அடி தாங்காத நாட்களில் அவள் வீட்டுக்குப் பின்னாலிருந்த காட்டுக்குள் ஓடி ஒளிவாளாம். காடுதான் அவளுக்குப் பிறந்த வீடு மாதிரி. 1941-ல் விவாகரத்து வாங்கினாள். குழந்தைகளெல்லாம் பெரியவர்களாகித் தனித்தனிக் குடித்தனம் போன பிறகு, ஒரு பத்திரிகையில் இந்தப் பாதையைப் பற்றிப் படித்தாள். 1954-ல் வடக்கு முனையில் ஆரம்பித்து வழி தவறி, மூக்குக் கண்ணாடி உடைந்து, சாப்பாடும் தீர்ந்து, "வீட்டுக்குப் போங்கள் பாட்டி" என்று வனக் காவலர்கள் திருப்பி அனுப்பினார்கள்.

அடுத்த வருஷம் மே மாதம் தெற்கிலிருந்து ஆரம்பித்தாள். அப்போது வயது 67! பிள்ளைகளிடம் "கொஞ்சம் நடந்துவிட்டு வருகிறேன்" என்று மட்டும் சொன்னாளாம். காலில் சாதாரண கான்வாஸ் ஷூ, தோளில் தானே தைத்த துணிப்பை, ஒரு கம்பளி, மழைக்குக் குளியலறையில் தொங்கவிடும் பிளாஸ்டிக் திரை. கூடாரம் கிடையாது. கண்ட வீட்டில் கதவைத் தட்டினாள். சிலர் சோறும் படுக்கையும் கொடுத்தார்கள், சிலர் விரட்டினார்கள். 1955 செப்டம்பர் 25-ல் கட்டாடின் உச்சியில் நின்றாள். 146 நாள். இந்தப் பாதையை ஒரே மூச்சில் தனியாக நடந்து முடித்த முதல் பெண் அவள்தான். அதோடு விட்டாளா? இன்னும் இரண்டு தடவை! 1973-ல், 85 வயதில் காலமானாள்.

"அடி வாங்கின உடம்பு அத்தை அது" என்றாள் அண்ணன் மகள். அதற்கப்புறம் நான் மூச்சு வாங்குகிறது என்று வாயைத் திறக்கவில்லை.

சுமார் ஒன்பது மைல் நடந்து, சாயங்காலம் முதல் குடிலுக்குப் போய்ச் சேர்ந்தோம். மூன்று பக்கம் சுவர், ஒரு பக்கம் திறப்பு, மேலே கூரை, கீழே பலகை. அவ்வளவுதான். இந்த மாதிரி இருநூற்றைம்பதுக்கு மேல் பாதை நெடுகக் கட்டி வைத்திருக்கிறார்கள். வாடகை வசூலிக்க ஆள் இல்லை, காவல் இல்லை. முதலில் வந்தவர்களுக்கு இடம். ஆனால் மழை பெய்தால் எந்தக் குடிலும் நிறைவதில்லை என்று ஒரு வசனம் சொல்கிறார்கள். எப்படியாவது நெருக்கிக்கொண்டு இடம் கொடுத்துவிடுவார்களாம்.

அங்கே எங்களுக்கு முன் ஆறு பேர். மார்ச் மாதம் ஜார்ஜியாவில் கிளம்பியவர்கள், 900 மைலுக்கு மேல் நடந்து வந்தவர்கள். வாசனையைப் பற்றி நான் எழுதப் போவதில்லை! கல்லூரி முடித்த ஒரு பையன், ஓய்வு பெற்ற பஸ் டிரைவர் ஒருவர், ஒரு இளம் தம்பதி, யாரோடும் பேசாத ஒருவர், 64 வயதில் ஒரு நர்ஸம்மா. ஊரில் இவர்கள் யாரும் ஒருவருக்கொருவர் வணக்கம்கூடச் சொல்லியிருக்க மாட்டார்கள். இங்கே பையன் ஊற்றுத் தண்ணீரை வடிகட்டுகிறான், டிரைவர் அதில் தன் பங்குக்குக் கை நீட்டுகிறார், நர்ஸம்மா அந்தப் பெண்ணின் குதிகால் புண்ணைத் தலையில் கட்டிய விளக்கு வெளிச்சத்தில் பார்க்கிறாள்.

பேச்செல்லாம் சாப்பாட்டைப் பற்றித்தான். மூன்று வேளையும் ஓட்ஸ், நூடுல்ஸ், உருளைக்கிழங்குப் பொடி, வேர்க்கடலை வெண்ணெய். ஒருநாளைக்கு நாலாயிரம், ஐயாயிரம் காலரி வரை செலவாகிற உடம்புக்கு இது எந்த மூலைக்கு? மூன்று நாலு நாளைக்கு ஒருமுறை பக்கத்து ஊருக்குள் இறங்கி மளிகை வாங்கும்போது வெறி பிடித்த மாதிரி சாப்பிடுவார்களாம். பாதி தூரம் தாண்டியதும் பென்சில்வேனியாவில் ஒரு கடை வரும். அங்கே அரை கேலன் ஐஸ்கிரீமை, அதாவது ஏறக்குறைய இரண்டு லிட்டரை, ஒரே ஆளாக உட்கார்ந்து தின்று தீர்ப்பது ஒரு சம்பிரதாயம். அதைப் பற்றி அந்தப் பையன் பேசியபோது முகத்தில் என்ன பக்தி என்கிறீர்கள்! ஊருக்குள் போனால் சலவை மெஷின் கடையில் இருக்கிற துணி முழுவதையும் உள்ளே போட்டுவிட்டு, மழைக்கோட்டை மட்டும் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பார்களாம். எல்லோரும் அதே கோலம் என்பதால் யாருக்கும் வெட்கமில்லை.

நான் கொண்டுபோன புளிக்காய்ச்சலை வெறும் நூடுல்ஸில் போட்டுப் பிசைந்து கொடுத்தேன். பேசாதவர்கூட இன்னொரு கரண்டி கேட்டார்.

சாப்பிட்டதும் கரடிப் பயம். மிச்சம் மீதி, சோப்பு, பற்பசை, வாசனை உள்ளது எதுவும் படுக்குமிடத்தில் இருக்கக் கூடாது. முற்றத்தில் உயரமான இரும்புக் கம்பம் நட்டு, உச்சியில் கொக்கிகள் வைத்திருக்கிறார்கள். நீளக் கோலால் அவரவர் சாப்பாட்டுப் பையைத் தூக்கி அதில் மாட்ட வேண்டும். குடில்களுக்குள் எலித்தொல்லைக்கும் ஓர் உபாயம் உண்டு: கூரையிலிருந்து தொங்கும் கயிற்றின் நடுவில் தகர டப்பா ஒன்றைக் கோத்துவிடுவது. கயிறு வழியாக இறங்கும் எலி டப்பாவைத் தாண்ட முடியாமல் திரும்பிப் போய்விடும். நமக்கா இது புதிது? பாலையும் வெண்ணெயையும் பூனைக்கு எட்டாமல் உறியில் வைத்த பாட்டிகளின் பேத்திகள் அல்லவா நாம்! உறியைப் பற்றி நான் சொன்னதும் அவர்களுக்கு ஒரே குஷி. அந்த நிமிஷமே எனக்குப் பெயர் வைத்துவிட்டார்கள்: 'உறி'.

பாதையில் சொந்தப் பெயரை யாரும் உபயோகிப்பதில்லை. கூட நடப்பவர்கள் ஏதாவது ஒரு பட்டப்பெயர் வைப்பார்கள், அதோடு சரி. மாலை போட்டவர்கள் எல்லோரும் 'சாமி' ஆகிவிடுகிறார்களே, அந்த மாதிரி. இன்னாரின் மகள், இன்னாரின் மனைவி, இன்னாரின் அம்மா என்றே கூப்பிடப்பட்டு வந்தவளுக்கு, தான் சொன்ன ஒரு சொல்லாலேயே பெயர் கிடைத்தால் எப்படியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

சுத்தம் பற்றி ஒரு வார்த்தை. கையோடு கை தின்பண்டம் பரிமாறுகிற இடம் என்பதால், ஒருவருக்கு வாந்தி பேதி வந்தால் வரிசையாக எல்லோரையும் படுக்கப் போட்டுவிடும். நோரோ வைரஸ் என்கிறார்கள். கையில் தேய்த்துக்கொள்ளும் சானிடைசருக்கு அது அவ்வளவாக மசியாது. சோப்பும் தண்ணீரும்தான் வேண்டும். நர்ஸம்மா, பொட்டலத்துக்குள் கைவிட விடமாட்டாள். உள்ளங்கையை நீட்டினால் கொட்டுவாள். நம் வீட்டில் 'எச்சில்' என்று சொல்லிச் செய்ததையே அவள் கிருமி என்று சொல்லிச் செய்தாள்.

அந்த நர்ஸம்மாவுக்குத்தான் மறுநாள் முழங்கால் மக்கர் செய்தது. ஏற்றத்தைவிட இறக்கத்தில்தான் முட்டிக்குச் சோதனை. இரண்டு கையிலும் ஊன்றுகோல் வைத்திருந்தும், பக்கவாட்டில் திரும்பித் திரும்பி இறங்கினாள். நடைக்காரர்கள் இபுபுரூஃபன் வலி மாத்திரைக்கு 'வைட்டமின் ஐ' என்று வேடிக்கையாகப் பெயர் வைத்திருக்கிறார்கள். அவ்வளவு தாராளமாக விழுங்குகிறார்கள். அவள் மட்டும் தலையை ஆட்டிவிட்டாள். "வலியை மறைத்துக்கொண்டு நடந்தால் முட்டி என்ன ஆகுமென்று வார்டில் பார்த்திருக்கிறேன். வயிறும் சிறுநீரகமும் வேறு கெடும்" என்றாள்.

இரண்டாம் ராத்திரி ராக் ஸ்பிரிங் குடிலில் யாரும் ஐஸ்கிரீமைப் பற்றிப் பேசவில்லை. கட்டாடின் மலையை அக்டோபர் நடுவுக்குள் ஏறி முடித்தாக வேண்டும். அதற்குமேல் அங்கே குளிர்காலம். இன்னும் 1,200 மைலுக்கு மேல் பாக்கி. ஒரு வாரம் நின்றால் கூட வந்தவர்கள் நூறு மைல் முன்னால் போய்விடுவார்கள். நிற்கச் சொல்லி அவளும் கேட்கவில்லை. நிற்கிறோம் என்று அவர்களும் சொல்லவில்லை. "உன் நடையை நீ நட" என்பதுதான் அங்கே சட்டம். எனக்கு முதலில் இது கல் மனசாகத்தான் பட்டது. காலையில் பார்த்தால் பையன் அவளுடைய கூடாரத்தையும், டிரைவர் சாப்பாட்டுப் பையையும் எடுத்துத் தங்கள் முதுகில் கட்டிக்கொண்டிருந்தார்கள். அவள் கோபித்துக்கொண்டாள். அவர்கள் கேட்கவில்லை. கார் வரும் ரோடு உள்ள ஸ்கைலேண்ட் வரை, முப்பது மாதிரி நடக்கக்கூடிய கால்கள் அவளுடைய நொண்டி நடைக்கு இணையாக ஊர்ந்து வந்தன.

அங்கே உட்கார்ந்து ஒரு யோசனை முடிவாயிற்று. ஒரு வாரம் கீழே ஊரில் ஓய்வு. முட்டி சரியானால் இங்கிருந்து ஹார்ப்பர்ஸ் ஃபெரி வரை நடப்பது. பிறகு வண்டி பிடித்து நேரே மெய்னுக்குப் போய், கட்டாடினில் ஆரம்பித்துத் தெற்கு நோக்கி இறங்கி வருவது. இப்படித் திருப்பிப் போட்டு நடப்பதும் முழு நடையாகத்தான் கணக்கு. குளிருக்கு முன்னால் ஓட வேண்டியதில்லை. ஒன்றே ஒன்று: நண்பர்களோடு சேர்ந்து உச்சியில் நிற்க முடியாது. வடக்கே எங்கேயோ ஒரு நாள், அவர்கள் ஏறி வர, இவள் இறங்கி வர, எதிரெதிரே பார்த்துக்கொள்ளலாம். சரி என்றாள். அழவில்லை. அந்தப் பையன்தான் ஷூ லேஸைக் கட்டுகிற மாதிரி வெகுநேரம் குனிந்திருந்தான்.

அவர்கள் வேகமாகப் போய்விட்டார்கள். நானும் அண்ணன் மகளும் சாயங்காலம்தான் மூன்றாவது குடிலுக்கு வந்தோம். குடிலுக்குக் குடில் ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கும். போகிறவர்கள் பெயர், தேதி, மனசில் தோன்றியது எல்லாவற்றையும் எழுதிவிட்டுப் போவார்கள். அன்றைய பக்கத்தில் நர்ஸம்மாவின் பாதைப் பெயரைப் போட்டு நாலு பேர் எழுதியிருந்தார்கள். ஒரு வாரம் கழித்து வந்து படிப்பாள் என்ற கணக்கு. தண்ணீர் ஊற்று சரிவில் கீழே இருக்கிறது, எல்லாப் பாட்டிலையும் ஒரே தடவையில் நிரப்பிக்கொள், முட்டிக்கு இரண்டு நடை வேண்டாம் என்று பையன். இடது மூலைப் பலகை ஆடுகிறது, அங்கே படுக்காதே என்று டிரைவர். குதிகால் ஆறிவிட்டது என்று அந்தப் பெண். பேசாத மனிதர் ஒரு மலையும் அதன்மேல் ஊன்றுகோலோடு ஒரு குச்சி உருவமும் வரைந்திருந்தார்.

நானும் பேனாவை எடுத்து, முட்டிக்கு ராத்திரி ஒத்தடம் கொடுக்கும்படி இங்கிலீஷில் இரண்டு வரி எழுதினேன். நர்ஸுக்கே வைத்தியமா என்று தோன்றியது, அடிக்கவில்லை. கீழே தமிழில் 'உறி' என்று கையெழுத்துப் போடுவதற்குள், "அத்தை, வெளிச்சம் போயிட்டிருக்கு, சாப்பாட்டை மேலே மாட்டணும்" என்று வெளியிலிருந்து குரல் வந்தது.