வருமுன் காக்கும் ஊர்

நுழையும்முன்

ஓர் ஊர் வாழத் தகுந்தது என்பதை எதைக்கொண்டு முடிவு செய்வது? அதன் வளத்தைக்கொண்டா, இடர் வரும்போது தாங்கி நிற்கும் அதன் வலிமையைக்கொண்டா? சென்னையின் வடகரையில் ராயபுரம் முதல் எண்ணூர் வரை நீண்டு கிடக்கும் நிலப்பகுதியை முன்வைத்து இக்கட்டுரை அவ்வினாவை ஆராய்கிறது.

அளவுகோல்

பேரிடருக்கு ஆயத்தமாதல், தற்சார்பாக வாழ்தல் ஆகியவற்றைப் பற்றிப் பேசுவோர் ஓர் இடத்தை மதிப்பிடச் சில வினாக்களை எழுப்புவர். நல்ல நிலத்தடி நீர் உண்டா? பயிரிட நிலம் உண்டா? மக்கள் நெருக்கம் குறைவா? ஆபத்து மிகுந்த ஆலைகள் தொலைவில் உள்ளனவா? இடர் நேர்ந்தால் விரைந்து வெளியேற வழி உண்டா? நீரையும் மலையையும் அரணையும் நாட்டின் உறுப்புகளாக எண்ணிய வள்ளுவரின் பார்வையும் இதற்கு நெருக்கமானதே. ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் ஆகிய பகுதிகளிடம் இவ்வினாக்களைக் கேட்டால், ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் ‘இல்லை’ என்றே விடை வரும். அவ்விடை உண்மையே. ஆயினும், அதனோடு நின்றுவிடுவது முறையன்று என்பது என் கருத்து.

நீரும் நெருப்பும்

முதலில் நீரைக் காண்போம். இப்பகுதிக்கு வடக்கே மீஞ்சூரைச் சூழ்ந்த நிலத்தடி நீர் ஒரு காலத்தில் சென்னை மாநகரின் தாகம் தணித்தது. அளவுக்கு மீறி உறிஞ்சியதால் அங்கே கடல்நீர் நிலத்தடியில் புகுந்தது. அதற்கு அருகே காட்டுப்பள்ளியில், நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் குடிநீர் தரும் திறனுடைய கடல்நீர் சுத்திகரிப்பு நிலையம் 2010இல் திறக்கப்பட்டது. அது மின்சாரத்தை நம்பி நிற்பது. 2019ஆம் ஆண்டுக் கோடையில் ஏரிகள் வறண்டபோது, ஜோலார்பேட்டையிலிருந்து தொடர்வண்டி ஒன்றில் 25 லட்சம் லிட்டர் நீரைச் சென்னைக்குக் கொண்டுவர நேர்ந்தது. கடலை வாசலில் வைத்துக்கொண்டு குடத்துடன் லாரிக்குக் காத்திருப்பது இப்பகுதி மக்களின் அன்றாடம்.

அடுத்தது ஆலைகளின் அண்மை. 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் கப்பல் குண்டு வீசியபோது, சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகள் தீப்பற்றி எரிந்தன. அது போர்க்காலம். ஆனால், அமைதிக் காலமும் இக்கரைக்கு அமைதி தரவில்லை. 2017 ஜனவரி 28 அன்று எண்ணூர் அருகே இரு கப்பல்கள் மோதியதில் கொட்டிய எண்ணெயை மக்கள் வாளிகளால் அள்ளினர். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து எண்ணூர்க் கழிமுகத்தில் படர்ந்தது. அம்மாதம் 26ஆம் நாள் நள்ளிரவில், கடலடிக் குழாயிலிருந்து கசிந்த அம்மோனியா, உறங்கிக்கொண்டிருந்த மீனவக் குப்பங்களை எழுப்பியது. மூச்சுத்திணறலுடன் பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர்.

தெரிந்துகொள்ளும் உரிமை

அந்த நள்ளிரவில் தெருவுக்கு வந்த ஒருவருக்குத் தேவைப்பட்டவை மிக எளியவை. காற்று எத்திசையில் வீசுகிறது என்று பார்க்க வேண்டும். காற்றின் போக்கிலேயே ஓடாமல் அதற்குக் குறுக்காக விலகிச் செல்ல வேண்டும். அம்மோனியா நீரில் கரையக்கூடியது என்பதால் ஈரத்துணியால் மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ள வேண்டும். இவற்றை அறிய வேதியியல் பட்டம் தேவையில்லை. யாரேனும் முன்னரே சொல்லியிருந்தால் போதும்.

சொல்ல வேண்டும் என்று சட்டமும் கூறுகிறது. 1984ஆம் ஆண்டின் போபால் பேரழிவுக்குப் பிறகு உருவான விதிகளுள், 1989ஆம் ஆண்டின் அபாய வேதிப்பொருள் விதிகள் முதன்மையானவை. விபத்தால் பாதிக்கப்படக்கூடிய மக்களுக்கு, ஆபத்தின் தன்மையையும் செய்ய வேண்டியவற்றையும் முன்னரே அறிவிக்க வேண்டும் என்பது அவற்றின் கட்டளை. 2020 ஆகஸ்டில் பெய்ரூட் துறைமுகம் வெடித்துச் சிதறிய பின்னரே, மணலியில் பல ஆண்டுகளாகக் கிடந்த ஏறத்தாழ 700 டன் அம்மோனியம் நைட்ரேட் நாட்டின் கவனத்துக்கு வந்து அகற்றப்பட்டது. அண்டை வீட்டின் ஆபத்தை அயல்நாட்டுச் செய்தி வழியே அறியும் நிலை இனியும் தொடரலாகாது.

நெய்தலின் வழி

‘இத்தகைய இடத்தை விட்டு மக்கள் விலகிச் செல்வதே அறிவுடைமை’ என்பர் சிலர். கடலை நம்பி வாழ்பவர் கடலைத் தூக்கிக்கொண்டு செல்ல இயலாது. துறைமுகத்திலும் ஆலையிலும் உழைப்பவர்க்கு வேலை இருக்குமிடமே ஊர். மேலும், தனித்து வாழ்வதே தற்சார்பு என்ற எண்ணம் இம்மண்ணின் வரலாற்றோடு பொருந்தாது. நெய்தல் நிலம் என்றும் தனக்கு வேண்டியவை அனைத்தையும் தானே விளைவித்ததில்லை. உப்பையும் மீனையும் கொடுத்து நெல்லைப் பெற்றது. தென்னிந்தியாவின் முதல் தொடர்வண்டி 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்துதான் புறப்பட்டது. கொடுத்தும் வாங்கியும் வாழ்ந்த கரை இது.

இடர்க்காலத்தில் அவ்வுறவே அரணாகியிருக்கிறது. 1782ஆம் ஆண்டுப் பஞ்சத்தில் பசித்தவர்க்குக் கஞ்சி வார்க்க எழுந்தது மணியக்காரர் சத்திரம். அதன் வழியில் வளர்ந்த ஸ்டான்லி மருத்துவமனையை முதியோர் இன்றும் ‘கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி’ என்றே அழைக்கின்றனர். 2015ஆம் ஆண்டு வெள்ளத்தில் சென்னைத் தெருக்களில் சிக்கியவர்களை மீட்க மீனவர்களின் படகுகள் வந்தன. படகு செலுத்துவோர், வலை பின்னுவோர், பற்றவைப்போர், இயந்திரம் பழுதுபார்ப்போர் எனக் கைத்திறன் மிக்க மக்கள் இங்கே தெருவுக்குத் தெரு உள்ளனர். பத்து ஏக்கர் நிலத்தில் தனியே வாழும் குடும்பத்துக்கு இச்செல்வம் வாய்க்காது.

யார் பொறுப்பு?

மக்களை ஆயத்தமாகச் சொல்வது, ஆலைகளும் அரசும் தம் கடமையைத் தட்டிக்கழிக்க வழிவகுக்கும் என்னும் எதிர்வாதம் உண்டு. அது புறக்கணிக்கத்தக்கதன்று. குழாயைச் சோதிப்பது ஆலையின் கடமை. சாம்பலால் மேடிட்ட கழிமுகத்தை மீட்டு, வெள்ளம் வடிய வழிவிடுவது அரசின் கடமை. ஈரத்துணியை வைத்திருப்பதால் கசிவு நியாயமாகிவிடாது. ஆனால், ஆபத்தை அறிந்த மக்களே அக்கடமைகளைப் பெயர் சொல்லிக் கேட்கவும் வல்லவர்கள்.

தனித்து வாழும் தற்சார்புக்கு ராயபுரமும் எண்ணூரும் ஏற்றவையல்ல. கூடி ஆயத்தமாதற்கு அவை ஏற்றவையே. அதற்குரிய மனிதவளம் அங்கே நிறைந்திருக்கிறது. தமிழில் எழுதிய எச்சரிக்கைப் பலகையும், ஆண்டுதோறும் ஒத்திகையும், பழுதின்றிப் பேணப்படும் மழைநீர்த் தொட்டியும் ஒவ்வொரு தெருவுக்கும் வேண்டும். மாணவர்களே, உங்கள் பள்ளியைச் சுற்றியுள்ள ஆலைகள் எவை, அங்குச் சேமிக்கப்படும் பொருள்கள் எவை, எச்சரிக்கைச் சங்கு ஒலித்தால் எந்த வழியே செல்ல வேண்டும் என்று உங்களால் சொல்ல இயலுமா? இயலாதெனில், அவ்வினாக்களை உங்கள் ஆசிரியரிடமும் வட்டாட்சியர் அலுவலகத்திலும் கேட்பதிலிருந்து உங்கள் ஊரின் ஆயத்தம் தொடங்கட்டும்.