உப்பை அளந்து போடுங்கள்!

"உப்பில்லாப் பண்டம் குப்பையிலே" என்பது பழமொழி. அது பொய்யல்ல. ஆனால், உப்பு மிஞ்சிய பண்டம் என்ன செய்யும்? பழமொழி அதைச் சொல்லவில்லை, மருத்துவம் சொல்கிறது. அது இரத்தக் கொதிப்பை வளர்க்கும்!

இரத்தக் கொதிப்பு ஓசைப்படாமல் வருகிற நோய். பெரும்பாலோருக்குத் தலைவலி இராது, மயக்கமும் இராது. ஆள் நன்றாகவே நடமாடுவார். திடீரென்று ஒரு நாள் கை, கால் விழுந்துவிடும். அல்லது மாரடைப்பு வரும்.

உடம்பில் உப்பு கூடினால், அதோடு தண்ணீரும் தங்குகிறது. இரத்தத்தின் அளவு பெருகுகிறது. குழாய்களோ அதே குழாய்கள்தான்! ஆகவே, உள்ளே அழுத்தம் ஏறுகிறது. பல முறை அளந்தும் 140-க்கு 90 அல்லது அதற்கு மேல் இருந்தால், அது இரத்தக் கொதிப்பு.

எவ்வளவு உப்பு சாப்பிடலாம்? பெரியவர் ஒருவருக்கு நாள் ஒன்றுக்கு 5 கிராமுக்குள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. நான்கு பெரியவர்கள் உள்ள வீட்டுக்கு நாளைக்கு 20 கிராம். மாதத்துக்கு 600 கிராம். ஊறுகாய், அப்பளம், கருவாடு, கடை மிக்சர், பிஸ்கட் ஆகியவற்றில் உள்ள உப்பும் இதில் அடக்கம். அந்த வீட்டில் மாதம் ஒரு கிலோ உப்பு காலியானால், அது எங்கே போகிறது என்று யோசிக்க வேண்டும். இந்துப்பு என்றாலும், கல் உப்பு என்றாலும் கணக்கு ஒன்றுதான்.

வீடுகளில் வழக்கமாக நடப்பது என்ன? அப்பாவுக்கு நோய் என்று தெரிந்ததும் அவருக்கு மட்டும் பத்தியச் சாப்பாடு. மற்றவர்களுக்கு வழக்கமான குழம்பு. வீடெல்லாம் அப்பளம் பொரிக்கும் மணம்! அவர் எத்தனை நாள் பொறுப்பார்? நாலாம் நாள் ஊறுகாய் ஜாடியைத் திறந்துவிடுவார்.

ஆகவே, உப்பைக் குறைக்க வேண்டியது ஒருவருக்கு மட்டும் அல்ல, வீடு முழுவதற்கும்! சாதம் வடிக்கும்போது உப்பு வேண்டாம். ஊறுகாயும் அப்பளமும் தினமும் வேண்டாம். எலுமிச்சம்பழம், மிளகு, சீரகம், கறிவேப்பிலை ருசியைக் கூட்டும். கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தால், சில வாரங்களில் நாக்கு பழகிவிடும். பிள்ளைகளும் சிறு வயதிலேயே நல்ல பழக்கம் பெறுவார்கள்.

உப்பைக் குறைத்தால் மட்டும் போதாது. காய்கறி, கீரை, பழம் கூட வேண்டும். அவற்றில் உள்ள பொட்டாசியம், மிஞ்சிய உப்பை வெளியேற்ற உதவுகிறது. 1997-ல் அமெரிக்காவில் 459 பேரை வைத்து ஓர் ஆராய்ச்சி வெளியானது. காய்கறி, பழம், கொழுப்பு குறைந்த பால் ஆகியவை நிறைந்த உணவை உண்ட கொதிப்பு நோயாளிகளுக்கு, மேல் அளவு சுமார் 11 புள்ளி இறங்கியது. உப்பைக் குறைக்காமலே இந்தப் பலன்! உப்பையும் குறைத்தால் பலன் கூடும் என்று 2001-ல் தெரிந்தது.

சீனாவில் 600 கிராமங்களில், சுமார் 21,000 பேரிடம் ஒரு சோதனை நடந்தது. பாதிக் கிராமங்களில் வழக்கமான உப்பு. மீதியில், நாலில் ஒரு பங்கு பொட்டாசியம் கலந்த உப்பு. 2021-ல் முடிவு வந்தது. கலப்பு உப்பு சாப்பிட்டவர்களிடம் பக்கவாதம் 14 சதவீதம் குறைவு!

ஆனால், ஓர் எச்சரிக்கை. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்குப் பொட்டாசியம் ஆபத்து. டாக்டரைக் கேட்காமல் அவர்கள் அந்த உப்பைத் தொடக் கூடாது. உணவை மாற்றியதும் மாத்திரையை நிறுத்துவதும் தவறு. அதை முடிவு செய்ய வேண்டியவர் டாக்டர்தான்.

"உப்பிட்டவரை உள்ளளவும் நினை" என்பார்கள். உப்பை அளந்து இட்டவரை இன்னும் நெடுங்காலம் நினைக்கலாம்!